கேட்ச் கேன் சுத்தம் செய்ததாக மூன்று பில், உள்ளே வாய் வரை ஆயில்

டர்போ டீசல் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள், அதில் ஆயில் கேட்ச் கேன் (இன்ஜின் விடும் வாயுவில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) மாட்டியிருந்தால், இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். மாட்டலாமா என்று யோசிப்பவர்களும் படியுங்கள். கேட்ச் கேன் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. என் வண்டியில் இப்போதும் ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் மாட்டிக் கொடுத்தது என் இன்ஜினையே பாதித்துவிட்டது. அதைப் பராமரிப்பதாகச் சொல்லி மூன்று முறை பணம் வாங்கிய ஒர்க்‌ஷாப், ஒரு முறைகூட அதைத் திறக்கவில்லை.

அன்று பாரம் ஏற்றிக்கொண்டு நீளமான ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். மேட்டின் தலைப்பை எட்டியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஆர்பிஎம் முள் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த வண்டியே தெரியாத அளவுக்கு நீலம் கலந்த வெள்ளைப் புகை. ஓரம் கட்டலாம் என்று கிளட்சை மிதித்ததும் இன்ஜின் அலற ஆரம்பித்தது. சாவியைத் திருப்பி அணைத்தேன். நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை விடாமல் கிளட்சை மட்டும் விட்டேன். வண்டி முழுவதும் ஒரு முறை உதறி அடங்கியது. கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தத்தில் சூடான காற்றும், எரிய ஏதாவது ஒரு எண்ணெயும் இருந்தால் போதும். காற்று போகும் வழியில் இன்ஜின் ஆயில் புகுந்துவிட்டால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓடும். சாவியை அணைத்தால் டீசல் வருவதுதான் நிற்கும், ஆயில் வருவது நிற்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் நான் செய்த வழிகூடக் கிடையாது. காற்று உள்ளே போவதை அடைத்தால்தான் நிற்கும். அப்போதும் வெறும் கையை இன்டேக் வாயில் வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் கையே போய்விடும்.

சரி, அந்த ஆயில் எங்கிருந்து வந்தது?

எந்த இன்ஜினாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே க்ராங்க் கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிப்பகுதிக்குள், இறங்கும். ப்ளோ-பை என்று சொல்வது இதைத்தான். அது வெளியேற ஒரு ப்ரீதர் வழி இருக்கும். அந்த வாயு போகும்போது ஆயிலைத் தூவானம் போல எடுத்துக்கொண்டு போகும். இப்போதைய வண்டிகளில் அது வெளிக்காற்றில் போகாமல் திரும்ப இன்டேக் பக்கமே போகிறது. டீசலில் ஈஜிஆர் (சைலன்சர் பக்கம் போகும் புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்கே திருப்பும் அமைப்பு) வழியாக வரும் புகைக்கரியும் இந்த ஆயிலும் ஒன்றாகச் சேர்ந்தால் தார் மாதிரி இன்டேக் மேனிஃபோல்டில் அப்பிக்கொள்ளும். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்களிலும் இதே தொல்லைதான். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வைக் கழுவிவிட ஒன்றும் இல்லை, கார்பன் அதன் முதுகில் ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு கேனை வைத்து ஆயிலைப் பிடித்துக்கொண்டு வாயுவை மட்டும் அனுப்புவதுதான் கேட்ச் கேனின் வேலை. நல்ல யோசனைதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

என் வண்டியில், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் ஜாயின்ட்டில் ஆயில் ஈரம் தெரிந்தது. வழக்கமாக சர்வீஸ் விடும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "கேட்ச் கேன் ஒண்ணு போட்டுடலாம் சார். இன்ஜின் ஆயுசுக்கும் சுத்தமா இருக்கும். நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம், சர்வீஸ்ல நாங்களே காலி பண்ணிடுவோம்" என்றார் அதன் உரிமையாளர். பளபளவென்று அலுமினிய கேன், மேலே ஹோஸ் மாட்ட இரண்டு நிப்பிள், அடியில் ஆயிலை வடிக்க ஒரு ட்ரெய்ன் போல்ட். பார்க்க நன்றாகவே இருந்தது. அரைமணி நேரத்தில் மாட்டி முடித்துவிட்டார்கள். வண்டியில் முதலில் இருந்த ப்ரீதர் ஹோஸை மட்டும் கேட்டு வாங்கி வண்டியிலேயே போட்டு வைத்தேன். பின்னால் அதுதான் உதவியது.

அடுத்த மூன்று சர்வீஸிலும் பில்லில் "கேட்ச் கேன் சுத்தம்" என்று தனி வரி, தனித் தொகை. நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் வண்டி என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் குழாய் வாயைச் சுற்றி எப்போதும் ஆயில் பிசுபிசுப்பு. இரண்டு தடவை டிப்ஸ்டிக்கே தன் இடத்திலிருந்து விரல் உயரம் எழும்பி நின்றது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு. ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றையும் காட்டினேன். "வண்டி ஓடின ஓட்டத்துக்கு இது சகஜம் சார்" என்ற பதிலே வந்தது. கடைசியில் க்ராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றினார்கள். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். மாற்றிய சீலும் சீக்கிரமே கசிய ஆரம்பித்தது. அப்போதாவது சீலை உள்ளேயிருந்து எது தள்ளுகிறது என்று அவர்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். டீசல் வேலை மட்டும் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். முதலில் இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றி அடியில் தட்டு வைத்தார். கறுப்பு ஆயில் கொட்டியது, தட்டே நிறைகிற மாதிரி. "இதை எடுக்காம யாராவது ஸ்டார்ட் பண்ணியிருந்தா மறுபடி ஓடிடும் அண்ணே" என்றார். அப்புறம் கேன் பக்கம் வந்து, ட்ரெய்ன் போல்ட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைக் குனியச் சொன்னார்.

போல்ட்டுக்கும் கேனுக்கும் நடுவில் கம்பெனியில் வைத்த மஞ்சள் பெயின்ட் கோடு. ஒரு பாதி போல்ட்டின் தலையில், மறுபாதி கேனின் அடியில். இரண்டும் நேருக்கு நேர், முடி அளவுகூட விலகாமல் நின்றன. ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றும் இல்லை. "இது பொறந்ததுல இருந்து திறக்கலை" என்றார். நான் பில் மூன்றையும் எடுத்து அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுத்துக்கொண்டேன்.

அவர் போல்ட்டைத் திறந்தார். கேனின் கொள்ளளவே அரை லிட்டர். அளவு ஜாடியில் பிடித்ததில் 450 மில்லியைத் தாண்டியது. மேலே கறுப்பு ஆயில், கீழே கலங்கிய தண்ணீர், நடுவில் காபிப் பால் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். வண்டி சமதரையில் போகும்வரை அது அசைந்துகொண்டு கிடந்திருக்கிறது. ஏற்றத்தில் மூக்கு தூக்கியதும், வெளியே போகும் நிப்பிள் பக்கம் சாய்ந்து, டர்போ அதை அப்படியே உறிஞ்சிவிட்டது.

மூடியைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. தடுப்புத் தகடு இல்லை, கம்பி வலை இல்லை, ஃபில்டர் இல்லை, வெறும் டப்பா. ஆயில் தூவானம் எதிலாவது மோதி, துளித்துளியாகச் சேர்ந்தால்தான் கீழே விழும். இதில் ஒரு துளை வழியாக வந்த வாயு பக்கத்துத் துளை வழியாகவே போய்விடும். இத்தனை ஆயில் சேர்ந்ததே, இன்ஜினிலிருந்து எவ்வளவு வந்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி.

அதைவிட மோசம் நிப்பிள். என் வண்டியின் ப்ரீதர் ஹோஸ் உள்விட்டம் 19 மில்லிமீட்டர். கேனின் நிப்பிள் 10. விட்டத்தில் பாதி என்று தோன்றும். பரப்பில் கணக்குப் பார்த்தால் கால்வாசியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இன்ஜின் மூச்சு விடும் குழாயில் முக்கால் பங்கை அடைத்துவிட்டு என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஹோஸும் ஹீட்டர் ஹோஸ். கூலன்ட்டுக்கு அது நல்ல ஹோஸ். ஆயில் படப்பட ஊறி மெத்தென்று ஆகிவிடும். டர்போவுக்குப் பக்கத்தில் ஓடிய இடத்தில் விரலால் அழுத்தினேன், சப்பையாகி அப்படியே நின்றது.

மூச்சு அடைபட்டால் க்ராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் டிப்ஸ்டிக்கைத் தூக்கும், சீல்களைத் தள்ளும். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து கீழே இறங்க வேண்டும்; கீழே அழுத்தம் இருந்தால் இறங்காமல் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டி இன்டேக்குக்கே போகும். ஆயிலைத் தடுக்க மாட்டிய கேன் ஆயிலை அனுப்பிக்கொண்டிருந்தது.

அவர் அதை வாயால் சொன்னதோடு விடவில்லை. இன்டர்கூலரையும் குழாய்களையும் கழுவிக் காயவைத்த பிறகு, ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபை 'யு' மாதிரி வளைத்துக் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் செருகினார். அந்தக் கேனோடு ஐடிலில் விட்டபோதே தண்ணீர் ஒரு பக்கம் ஏறியது. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ட்யூபின் வாய் வழியாகத் தரையில் கொட்டியது. கேனைக் கழற்றி, வண்டியில் கிடந்த என் பழைய ஹோஸை மாட்டி மறுபடி பார்த்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக நின்றது. ரிங் தேய்ந்திருந்தால் இப்படி நிற்காது என்றார். இதே வண்டி, இதே இன்ஜின், இதே ஓட்டம்! "சகஜம்" என்று சொல்லி என் வாயை அடைத்திருந்தார்கள்.

பழைய ஒர்க்‌ஷாப்பில் படத்தைக் காட்டிக் கேட்டேன். முதலில், பையன்கள் மறந்திருப்பார்கள் என்றார் உரிமையாளர். மூன்று முறையுமா என்று கேட்டதற்கு, "மேலோட்டமா பார்த்து சுத்தம் பண்ணியிருப்பாங்க" என்றார். நிப்பிள் அளவைப் பற்றிக் கேட்டதற்கு, எல்லா வண்டிக்கும் இதேதான் போடுகிறோம் என்றார். எனக்கு அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. இதை எழுதுவதற்கும் அதுவே காரணம். கடைசியாக ஒரு தீர்வும் சொன்னார்: ப்ரீதர் ஹோஸைக் கழற்றிக் கீழே ரோட்டைப் பார்க்க விட்டுவிடலாமாம். ஒரு காலத்தில் வண்டிகள் அப்படித்தான் ஓடின. புகைமூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகுதான், 1961 மாடல் கார்களில் கலிஃபோர்னியாவில் அந்த வாயுவை இன்டேக்குக்கே திருப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதைத் திரும்பத் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்ட மீறல். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள பெட்ரோல் வண்டியில் இப்படிச் செய்தால் சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று காட்டும் பி0171 கோட் வந்து ஐடில் ஏறி இறங்கும்.

பணம் ஒரு பைசா திரும்ப வரவில்லை. சுத்தம் செய்யாத மூன்று முறைக்கான தொகையைக்கூடத் தரவில்லை.

இப்போது இருப்பது ஃபில்டர் எலிமென்ட் உள்ள கேன். நிப்பிள் 19 மில்லிமீட்டர். எலிமென்ட் அடைத்துக்கொண்டால் அழுத்தத்தைத் திறந்துவிட ஒரு ரிலீஃப் வால்வும் உண்டு. எலிமென்ட்டைக் காலக்கெடு வைத்து மாற்றியாக வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஹோஸ் ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர், உறிஞ்சலில் சப்பையாகாத தடிமன். கேனை பாடியில் மாட்டியிருக்கிறோம், டர்போவிலிருந்து தள்ளி. இன்ஜின் குலுங்கும், பாடி குலுங்காது, அதனால் ஹோஸில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஆனால் அந்தத் தளர்வு தொங்கிப் பள்ளமாகிவிடக் கூடாது. பள்ளத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கி அதுவே அடைப்பாகும், கடுங்குளிர் இடங்களில் உறைந்தே போகும். இன்ஜினிலிருந்து கேனுக்கு இறக்கமாகவே வர வேண்டும். உள்ளே வரும் நிப்பிளும் வெளியே போகும் நிப்பிளும் எது எது என்று கேனின் மேல் பார்த்து உறுதி செய்யுங்கள். மாற்றி மாட்டியதையும் அந்த மெக்கானிக் பார்த்திருக்கிறாராம்.

புதிதாக மாட்டியவர்கள் முதல் தடவை 1,000 கிலோமீட்டரிலேயே திறந்து பாருங்கள். உங்கள் இன்ஜின் எவ்வளவு விடுகிறது என்று அதில்தான் தெரியும். அதை வைத்து இடைவெளியை நீங்களே முடிவு செய்யலாம். கேன் பாதி நிறையும் முன் காலி செய்ய வேண்டும். குளிர்காலத்திலும், குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் தண்ணீர் அதிகம் சேரும், சீக்கிரம் நிறையும். வடித்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் எரியாத எரிபொருளும் கலந்திருக்கும். மண்ணிலும் சாக்கடையிலும் வேண்டாம், கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

உங்கள் பில்லிலும் "கேட்ச் கேன் சுத்தம்" என்ற வரி இருந்தால், இன்று வண்டி ஆறியதும் அடியில் ஒரு ஜாடியை வைத்து அந்த போல்ட்டைத் திறந்து பாருங்கள். திறக்கும் முன் போல்ட்டின் தலையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் வடித்த ஆயிலைக் காட்டச் சொல்லி, எத்தனை மில்லி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் வண்டியில் போன வாரம் 2,000 கிலோமீட்டருக்கு 40 மில்லி வந்தது. டிப்ஸ்டிக் வாய் காய்ந்து கிடக்கிறது.