தி டவுன்வர்ட் ஸ்பைரல்: நெடுநாள் கேட்டதில் தெரியவந்தவை

அமெரிக்க ராக் இசைக்குழுவான நைன் இன்ச் நெய்ல்ஸின் ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ ஆல்பம் 1994 மார்ச் மாதம் வெளிவந்தது. குழு என்ற பெயர் இருந்தாலும், அன்றைக்கு அதன் நிரந்தர உறுப்பினர் டிரென்ட் ரெஸ்னர் ஒருவரே. அவரும் பிரிட்டன் இசைத் தயாரிப்பாளர் ஃப்ளட்டும் சேர்ந்து தயாரித்த இந்த ஆல்பத்தில் 14 பாடல்கள், ஏறத்தாழ 65 நிமிடங்கள். ஒரு மனிதன் தன்னைத்தானே படிப்படியாக அழித்துக்கொள்வதே இதன் கதை. முதலில் குறுந்தகட்டிலும் பிறகு ஸ்ட்ரீமிங்கிலுமாகப் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். தொடக்கத்தில் என்னை இழுத்தது இரைச்சல். இன்று திரும்பத் திரும்பக் கேட்க வைப்பவை அந்த இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் தணிந்த ஒலிகள்.

முதல் பாடலான ‘மிஸ்டர் செல்ஃப் டிஸ்ட்ரக்ட்’ அடி விழும் ஓசையோடு தொடங்கி, சிதைந்த கிட்டாரும் இயந்திரத் தாளமுமாகப் பாய்கிறது. நடுவில் திடீரெனக் கிசுகிசுப்பாகச் சுருங்கி மீண்டும் வெடிக்கிறது. அது முடிந்த கையோடு வரும் ‘பிக்கி’யோ பேஸ் (bass) ஒலியும் தாழ்ந்த குரலுமாக அடங்கி ஒலிக்கிறது. முதல் பாடலின் உரத்த பகுதிக்கு ஏற்ப வால்யூமைக் குறைத்துவிட்டால் இரண்டாவது பாடலின் பாதி காணாமல் போய்விடும். ஆகவே, பேருந்துப் பயணத்துக்கோ சமையலறை வேலைக்கோ இந்த ஆல்பம் ஒத்துவராது. காதை மூடும் ஹெட்போனும் குறுக்கீடற்ற ஒரு மணி நேரமும் வேண்டும். பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கவிடுவது இதற்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

தாளத்தைப் பொறுத்தவரை ‘மார்ச் ஆஃப் த பிக்ஸ்’ எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மூன்று முறை ஏழும் ஒரு முறை எட்டுமாக எண்ணிக்கை ஓடுவதால், தாளம் போடும் கை ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தடுமாறும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர நடைக்குப் பழகிய காதும் அந்த எட்டாவது எண்ணிக்கையில் ஒரு கணம் ஏமாறும். அவ்வளவு ஆவேசத்துக்கு நடுவே எல்லாம் நின்று, பியானோவும் ஒரு மென்மையான வரியும் மட்டும் வருவது குரூரமான நகைச்சுவை.

‘க்ளோசர்’ பாடலின் புகழ் அதன் பச்சையான பல்லவியால் வந்தது. அந்தப் பல்லவி எனக்கு என்றோ தேய்ந்துவிட்டது. ஆனால், அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப்பின் பழைய பாடல் ஒன்றிலிருந்து எடுத்து உருமாற்றிய அதன் டிரம் அடியும், அடுக்கடுக்காகக் கூடி வரும் சிந்தசைசர்களும், இறுதியில் தனியே இறங்கிவரும் பியானோ இசைத்துணுக்கும் தேயவில்லை. அதே துணுக்கு, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பதின்மூன்றாவது பாடலில் மீண்டும் வருகிறது. இதை நான் கவனிக்க வெகுகாலம் பிடித்தது. கவனித்த பிறகே இவை தனித்தனிப் பாடல்கள் அல்ல, ஒரே சரிவு என்பது காதுக்கு உறைத்தது.

குறைகளும் உண்டு. ‘பிக் மேன் வித் எ கன்’ அளவில் சிறியது. கையாளும் கருத்திலும் முரட்டுத்தனத்தைத் தாண்டவில்லை. அதைத் தொடர்ந்து ‘எ வார்ம் பிளேஸ்’ என்ற குரலற்ற இசை வருவதால் மட்டுமே அதைப் பொறுத்துக்கொள்கிறேன். 1969இல் நடிகை ஷாரன் டேட் கொலையுண்ட லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இந்த ஆல்பம் பதிவானது என்ற செய்தியையும் ரசிகர்கள் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள். கேட்கும்போது அதனால் எனக்கு எதுவும் கூடுவதில்லை.

கடைசிப் பாடலான ‘ஹர்ட்’டை அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 2002இல் பாடிய வடிவத்தில் மட்டுமே அறிந்தவர்கள் பலர். கேஷின் குரலில் அது முதுமையின் கணக்குத் தீர்ப்பு. இங்கோ, பின்னணியில் விடாமல் இரையும் ஓசையும் இசைவு மறுக்கும் சுரங்களும் அதற்கு ஆறுதலே தருவதில்லை. முன்னால் ஓடிய 13 பாடல்களையும் கேட்டுவிட்டு வந்தால்தான் அதன் கனம் தெரியும்.

2004இல் 5.1 சரவுண்ட் ஒலியுடன் (கேட்பவரைச் சுற்றி வைத்த பல ஒலிபெருக்கிகளுக்கானது) ஒரு மறுவெளியீடு வந்தது. அதற்குரிய ஒலிபெருக்கி அமைப்பு வீட்டில் இருப்பவர்கள் அதைத் தேடி வாங்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரணக் குறுந்தகடே போதும்.