பெரிய பிரேமா, சின்ன பிரேமா? அப்புறம் அந்த ஸ்மார்ட் கண்ணாடி?

மூக்குக்கண்ணாடி வாங்கப் போனால் முதலில் நிற்பது முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால்தான். பிரேமை மாட்டி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, கூட வந்தவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம். அதோடு சரி. அடுத்த இரண்டு வருடம் அந்தப் பிரேமை மற்றவர்கள் பார்ப்பார்கள். நமக்குத் தெரிவதெல்லாம் லென்ஸ் வழியாக வரும் உலகமும் மூக்கில் அழுத்தும் எடையும்தான்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. பதினொரு வயதில் போட்ட கண்ணாடி, தூங்கும் நேரம் தவிர இன்றுவரை மூக்கை விட்டு இறங்கியதில்லை. அதனால் இந்த அலசலில் நான் லென்ஸின் உள்பக்கம் இருந்து பார்ப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் சில கவலைகள் பொருந்தாது.

இன்றைய பாணியில் இரண்டு கட்சிகள். ஒன்று, முகத்தில் பாதியை மூடும் அகலமான, தடித்த அசிடேட் பிரேம் (அசிடேட் ஒரு வகை பிளாஸ்டிக்). மற்றது, 1990களில் வந்து போய் இப்போது திரும்பியிருக்கும் மெல்லிய உலோகக் கம்பிப் பிரேம். சிறிய நீள்வட்டம் அல்லது வட்டம். இரண்டுமே அழகுதான். முகம் வட்டமா, நீளமா என்று பார்த்து எது பொருந்தும் என்று சொல்லும் பட்டியல்கள் ஏராளம். அவற்றை விட உருப்படியான தகவல் காதுக்கம்பியின் உள்பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

உங்கள் கண்ணாடியைக் கழற்றி அங்கே பாருங்கள். 46, ஒரு சின்னச் சதுரம், 20, பிறகு 145 என்பது போல எண்கள் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது காதுக்கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டுங்கள்: 66. அந்தப் பிரேமில் இரண்டு லென்ஸ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் அது. இப்போது உங்கள் இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கண் பரிசோதிப்பவரிடம் கேட்டால் அளந்து சொல்வார். எனக்கு 62. 66க்கும் 62க்கும் வித்தியாசம் 4, கண்ணுக்கு 2. அதாவது லென்ஸின் ஒளி மையம் (ஒளி வளையாமல் நேராகப் போகும் புள்ளி) என் கண்மணிக்கு நேராக வர, அதை மூக்குப் பக்கமாக 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும்.

அகலமான பிரேம் என்றால்? 56-18 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 74. கண்ணுக்கு 6 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அப்போது ஒளி மையத்திலிருந்து லென்ஸின் வெளி ஓரம் வரை 34 மில்லிமீட்டர். சின்ன பிரேமில் அதே தூரம் 25 தான். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசாக இருக்கும், ஓரத்துக்குப் போகப்போகத் தடிக்கும். அந்தத் தடிப்பு தூரத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் சிக்கல். 25ஐ 34 ஆக்கினால் தூரம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தடிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். அகலமான கறுப்பு அசிடேட் பிரேம் ஒன்று பிடித்துப்போய், "இருப்பதிலேயே மெல்லிய லென்ஸ் போடுங்கள்" என்றேன். கடைக்காரர் 1.74 எழுதினார். அது ஒளிவிலகல் எண். எண் ஏற ஏற, அதே பவருக்கு லென்ஸ் மெல்லிசாகும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் 1.5, அடுத்த படிகள் 1.60, 1.67, 1.74. உச்சப் படியை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியோடு கண்ணாடியை எடுக்கப் போனால், தடித்த பிரேமையும் தாண்டி லென்ஸ் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 6க்கு, அந்த அகலப் பிரேமில் 1.74 போட்டால் நடுவை விட ஓரம் ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர் கூடுதல் தடிப்பு. 46-20 பிரேமில் வெறும் 1.60 போட்டாலே சுமார் 3 மில்லிமீட்டரில் முடிந்துவிடும்.

தடிப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். லென்ஸுக்கு இன்னொரு எண் உண்டு, கடைகளில் அதிகம் பேசப்படாதது: ஆப்பே எண். வெள்ளை ஒளியை லென்ஸ் எவ்வளவு குறைவாக நிறம் பிரிக்கிறது என்பதன் அளவு. அதிகமாக இருந்தால் நல்லது. சாதாரண 1.5 பிளாஸ்டிக்குக்கு 58. 1.60 வகையில் நல்லதற்கு 41 வரை கிடைக்கும். 1.67, 1.74 இரண்டும் 32, 33 அளவில் நிற்கின்றன. அடி தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் 30 தான். அந்தக் கறுப்புப் பிரேமை மாட்டிக்கொண்டு கடைக்கண்ணால் டியூப் லைட்டைப் பார்த்தால், அதன் ஒரு விளிம்பில் நீலக் கோடும் மறு விளிம்பில் ஆரஞ்சுக் கோடும் தெரிந்தன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து படிக்கும்போது ஓர எழுத்துகளுக்கு நிழல் போல ஒரு சாயம். கண்ணில் ஏதோ கோளாறு என்றுகூடப் பயந்துவிட்டேன். அவ்வளவு அதிக பவருக்கு அந்த லென்ஸ் ஓரத்தில் அப்படித்தான் காட்டும். பெரிய லென்ஸ் ஆனதால் கண்ணும் அதிக தூரம் ஓரத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஆக, மைனஸ் 4க்கு மேல் இருப்பவர்கள் முதலில் பிரேமின் அளவைக் குறைக்க வேண்டும், பிறகுதான் லென்ஸின் எண்ணை ஏற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மைனஸ் 1, 2 இருப்பவர்கள் ஆசைப்பட்ட அகலத்தில் வாங்கலாம். பெரிய வித்தியாசம் தெரியாது.

பாலிகார்பனேட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. அடி தாங்குவதில் சாதாரண பிளாஸ்டிக் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. குழந்தைகளுக்கு, விளையாடுபவர்களுக்கு, பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் முறை. அதற்குச் சரியான போட்டி 2001இல் வந்த டிரைவெக்ஸ். அதுவும் அடி தாங்கும், ஆப்பே எண் 43க்கு மேல், எடையிலும் குறைவு. ஓட்டை போட்டு மாட்டும் ரிம்லெஸ் பிரேமுக்கு டிரைவெக்ஸ்தான் என் தேர்வு. பாலிகார்பனேட்டில் அந்த ஓட்டையைச் சுற்றி விரிசல் விட வாய்ப்பு அதிகம். டிரைவெக்ஸின் ஒளிவிலகல் எண் 1.53 தான் என்பதால் அதிக பவருக்குத் தடித்துவிடும், அது ஒன்றுதான் குறை.

பிரேம் எதில் செய்தது என்பதற்கு வருவோம். அசிடேட் என்பது பஞ்சு, மரக்கூழ் இவற்றின் செல்லுலோஸிலிருந்து வருவது. தகடாக வார்த்து, அறுத்து, மெருகேற்றுவதால் நிறம் மேற்பூச்சாக இல்லாமல் உள்ளே வரை ஓடும். ஆமை ஓட்டு நிறத்தில் தேன் போல ஒளி ஊடுருவும் அழகு வேறெதிலும் வராது. மிதமாகச் சூடாக்கினால் வளையும், அதனால் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி திருத்தலாம். வியர்வையில் ஊறி ஊறிக் காதுக்கம்பி வெளுத்துப்போவது அதன் குணம். மெருகேற்றினால் பெரும்பாலும் திரும்பி வரும். டைட்டானியம் எஃகின் எடையில் பாதியை விடச் சற்றே கூடுதல், துருப்பிடிக்காது, தோலுக்கு ஒவ்வாமை அரிது. ஜப்பானின் சபாயே நகரம் இதில் பேர்போனது. அந்த நாட்டின் கண்ணாடிப் பிரேம்களில் பத்தில் ஒன்பது அந்த வட்டாரத்தில்தான் தயாராகின்றன. உடைந்தால் சாதாரணப் பற்றவைப்பு பிடிக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் 'மெமரி' உலோகம் வேறு சாதி. பெயரில் டைட்டானியம் இருந்தாலும் எடையில் பாதியளவு நிக்கல், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் விசாரித்து வாங்க வேண்டும். டிஆர்-90 நைலான் இனம். இலேசு, வளைந்து கொடுக்கும், ஆனால் கடையில் திருத்தி உட்கார வைப்பது கடினம். எனக்கு டைட்டானியம். அசிடேட்டின் அழகுக்கு முன் இன்றும் மனம் தடுமாறுகிறது என்பது உண்மை.

வெயிலுக்கு நிறம் மாறும் லென்ஸா, தனியாகக் கூலிங் கிளாஸா? ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் கறுப்பது முக்கியமாகப் புற ஊதாக் கதிரால். காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், வண்டி ஓட்டும்போது வழக்கமான வகை சரியாகக் கறுக்காது. அதைவிட விசித்திரம், சூடு ஏற ஏற அதன் கறுப்பு குறையும், குளிரில்தான் நன்றாகக் கறுக்கும். எந்த மதியத்துக்காக வாங்கினோமோ அந்த மதியத்தில்தான் அது சற்று வெளிறி நிற்கும். அதனால் பவர் போட்ட போலரைஸ்டு கூலிங் கிளாஸ் தனியாக வைத்திருப்பவர் கட்சியில் நான் இருக்கிறேன். தண்ணீர், தார்ச்சாலை இவற்றில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது மட்டும்தான் வெட்டும். சில திரைகள் அதன் வழியே சில கோணங்களில் இருண்டு தெரியும், வண்டியின் முகப்புத் திரையை முன்னதாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நீல ஒளி வடிகட்டும் லென்ஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, கணினி பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சியை அது குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் காய்கிறது. அதற்கு லென்ஸில் மருந்து இல்லை.

சரி, ஸ்மார்ட் கண்ணாடி.

2013இல் கூகுள் கிளாஸ் வந்தபோது அது முகத்தில் மாட்டிய கருவியாகத் தெரிந்தது, கண்ணாடியாகத் தெரியவில்லை. 2015இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது, நிறுவனங்களுக்கான பதிப்பும் 2023இல் முடிந்தது. அதே 2023இல் வந்த ரே-பான் மெட்டா, 1952இலிருந்து எல்லோருக்கும் பழகிய வேஃபேரர் வடிவத்துக்குள் கேமராவையும் ஒலிபெருக்கியையும் ஒளித்து வைத்தது. பார்ப்பவர் கண்ணை உறுத்தாதது அதன் பலம். எதிரில் இருப்பவருக்குத் தான் படம் பிடிக்கப்படுவது எளிதில் புலப்படாது என்ற கவலையும் அங்கிருந்தே வருகிறது. பதிவாகும்போது ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரியும். நல்ல வெயிலில் அதை எத்தனை பேர் கவனிப்பார்கள்? 2025இல் அடுத்த படியாக, வலது லென்ஸுக்குள் மட்டும் எழுத்தும் படமும் காட்டும் டிஸ்பிளே வகை வந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை, தசையின் மின்துடிப்பை வைத்து விரல் அசைவைப் புரிந்துகொள்கிறது.

இரண்டையும் ஒப்பிட நான் கேட்கும் கேள்வி ஒன்றே: பேட்டரி தீர்ந்த பிறகு அது நல்ல கண்ணாடியாக இருக்குமா? கேமரா வகை சுமார் 49 கிராம். டிஸ்பிளே வகை 69 கிராம். லென்ஸ் போட்ட பிறகும் என் டைட்டானியம் கண்ணாடி இதில் பாதியைத் தொடாது. காதுக்கம்பிக்குள் மின்சுற்று இருப்பதால் சூடாக்கி விருப்பம்போல் வளைத்துத் திருத்தவும் முடியாது. முதல் வகையின் அதிகாரபூர்வ பவர் வரம்பு மைனஸ் 6 முதல் பிளஸ் 4 வரை. டிஸ்பிளே வகைக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 4 வரை. அதாவது கண்ணாடியைக் கழற்றவே முடியாத எங்களைப் போன்றவர்களுக்குத்தான் கதவு பாதி மூடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜ் ஏற்ற அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நான் கழற்றினால் என் கையில் இருக்கும் விரல்களைத் தவிர எதுவும் தெளிவாகத் தெரியாது. கண்ணாடி சார்ஜ் ஏறும் வரை போட்டுக்கொள்ள இன்னொரு கண்ணாடி வேண்டும்.

ஆனால் இதே தொழில்நுட்பம் வேறு இருவர் கையில் பொன்னாகிறது. பார்வையற்ற ஒருவர், ஒரு கையில் கைத்தடியோடு நடக்கும்போது, கைபேசியை எடுத்து நீட்டாமலேயே கண்ணாடியின் கேமரா வழியாக ஒரு தன்னார்வலரிடம் "எதிரே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்க முடிகிறது; பீ மை ஐஸ் என்ற சேவை இதைச் செய்கிறது. இன்னொருவர், காது கொஞ்சம் மந்தமானாலும் கருவி மாட்டிக்கொள்ளக் கூச்சப்படும் பெரியவர். நுவான்ஸ் ஆடியோ என்ற கண்ணாடி, எதிரில் பேசுபவரின் குரலைப் பிரேமில் உள்ள மைக்கால் வாங்கி, காதுக்குள் எதையும் செருகாமல் ஒலித்துக் காட்டுகிறது. லேசான, நடுத்தரக் கேட்புக்குறை உள்ள பெரியவர்களுக்காக 2025இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. கண்ணாடிக்குள் கணினியை வைத்ததில் எனக்கு மனம் நிறைந்த இரண்டு இடங்கள் இவைதான்.

இப்போது எனக்கே புதுச் சிக்கல். நாற்பத்திரண்டு வயதில் வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கிறது. தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் ப்ரோகிரசிவ் லென்ஸ் 1959இலேயே பிரான்ஸில் வந்துவிட்டது, இன்று மிக நன்றாகச் செய்கிறார்கள். அதற்கு உயரம் வேண்டும். கண்மணிக்கு நேரான புள்ளியிலிருந்து கீழே பிரேமின் ஓரம் வரை சாதாரண வடிவமைப்புக்கு 18 மில்லிமீட்டர், குறுகிய வகைக்கு 14 ஆவது இருந்தால்தான் படிக்கும் பகுதி முழுதாகக் கிடைக்கும். நான் இவ்வளவு நேரம் கொண்டாடிய அந்தச் சின்ன நீள்வட்டத்தில் அது கிடைக்காது. அகலம் 46க்கு மேல் போகாமல், உயரம் மட்டும் ஏறிய வட்டப் பிரேம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மாட்டிப் பார்த்ததில் கூட வந்தவருக்குப் பிடிக்கவில்லை. 46-20 என்று எழுதியிருந்தது. எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.