கீமோ நாட்களுக்கு ஒரு பெடல் இயந்திரம்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலால் மிதிக்கும் சின்ன பெடல் இயந்திரம் சர்ஜிகல் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு இரும்புச் சட்டம், இரண்டு மிதி, நடுவில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, நேரம் காட்ட ஒரு குட்டி மீட்டர். அவ்வளவுதான். பல பெயர்களில் ஒரே மாதிரி வருகிறது. நான் புதுச்சேரி கோரிமேட்டில் 1,700 ரூபாய்க்கு வாங்கினேன். கீமோ எடுக்கும் நேரத்தில் இது தேவையா என்று கேட்டால், நன்றாக நடக்க முடிகிறவர்கள் அந்தக் காசை முட்டைக்கும் பழத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பாதம் மரத்துப்போனவர்கள், கவுண்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, இறங்கி வெளியே போகக் கூடாதவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து ஜிப்மரில் கீமோ. முதலில் எல்லோரும் சிவப்பு மருந்து என்று சொல்கிறார்களே, அது சேர்ந்த ஏசி என்ற இரண்டு மருந்துக் கூட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. அதன்பிறகு வாராவாரம் பாக்லிடாக்செல். முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமும் கால் மிஷின்தான் மிதித்தேன். அதனால் கால் சும்மா இருந்தால் எனக்கு உடம்பே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் வீட்டில் விட்டால்தானே. நாத்தனார் வந்தாலும், பக்கத்து வீட்டு அக்கா வந்தாலும், "படுத்து ரெஸ்ட் எடும்மா, அசையாதே" என்றுதான் சொல்வார்கள். அன்பாகச் சொல்கிறார்கள், சரி. ஆனால் படுக்கப் படுக்கச் சோர்வு கூடுகிறது. கீமோ சோர்வு வேலை செய்து வருகிற அலுப்பு மாதிரி தூங்கினால் போய்விடாது. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் தொடைச் சதை கரைந்து, கழிவறை வரைக்கும் எழுந்து போவதே பெரிய வேலையாகிவிடும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை எடுப்பவர்களை அந்தச் சிகிச்சையின்போதே உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று டாக்டர்களிடம் சொல்கிறது. நடை, சைக்கிள் போன்றதும் வேண்டும், சதைக்கு வலு கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். சோர்வு குறையும் என்பதுதான் அதில் முக்கியமான காரணம். இதை மகள் போனில் தேடிப் படித்துக் காட்டிய பிறகுதான் நாத்தனார் வாயை மூடினார்.

ஏசி மருந்து ஓடிய மாதங்களில் எனக்கு இந்த இயந்திரம் தேவைப்படவில்லை. பீச் ரோட்டில் காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள். விடியற்காலையில் போனால் காற்றும் இருக்கும், கால் ஓய்ந்தால் உட்கார இடமும் இருக்கும். காந்தி சிலையிலிருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்புவேன். சனி ஞாயிறு மட்டும் போக மாட்டேன், வெளியூர்க் கூட்டம். ஊசி போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கும். அந்த நாட்களில் கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்போது மொட்டை மாடியில் நடந்தேன்.

பாக்லிடாக்செல் தொடங்கி சில வாரத்தில் பாதம் மதமதவென்று ஆனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. மாடிப்படியில் கால் எங்கே வைக்கிறோம் என்று கண்ணால் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. அது மழைக்காலம் வேறு, எங்கள் தெருவில் தண்ணீர் நின்று பாசி பிடித்திருந்தது. விழுந்து எலும்பு முறிந்தால் கீமோவும் தள்ளிப்போகும். அப்போதுதான் பிசியோதெரபி செய்யும் பெண், உட்கார்ந்து மிதியுங்கள், கால் தரையில் நிதானம் தப்புமோ என்ற பயம் இருக்காது என்று சொன்னார்.

சொன்னது சரிதான். முதுகு சாய்த்து, கைப்பிடி உள்ள மர நாற்காலியில் உட்கார்ந்து, திருகைத் தளர்த்தி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் மிதித்தேன். நிறுத்தினேன். சாயங்காலம் மறுபடி ஐந்து நிமிஷம். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நல்ல நாட்களில் ஒரே மூச்சில் இருபது நிமிஷம் வரை வந்தது. கழிவறைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், வெயில் இல்லை, யாரும் தலையைப் பார்க்க மாட்டார்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் அந்த நிமிஷமே விட்டுவிடலாம். வேகத்துக்கு ஒரு அளவு: மிதிக்கும்போது பேச்சு வர வேண்டும், பாட்டுப் பாடும் அளவுக்கு மூச்சு மிஞ்சக் கூடாது. மகளை எதிரே உட்கார வைத்துக் கதை பேசிக்கொண்டே மிதிப்பேன். வார்த்தை வார்த்தையாக மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்பேன்.

இனி குறைகள். இவை சின்னக் குறைகள் இல்லை.

முதலாவது, வழுக்குகிறது. டைல்ஸ் தரையில் நாலு மிதி மிதிப்பதற்குள் இயந்திரம் முன்னால் நகர்ந்து போய்விடும். கால்களில் ரப்பர் மூடி இருந்தும் பயனில்லை. சுவரோரமாக வைத்து, அடியில் ரப்பர் மேட் போட்டு, தடித்த கேன்வாஸ் நாடாவால் நாற்காலிக் காலோடு கட்டிய பிறகுதான் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியும் சக்கர நாற்காலியும் இதற்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மிதியின் வார். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். கெட்டி பிளாஸ்டிக், ஓரம் கூர். மரத்துப்போன காலில் அது அறுத்தாலும் உறைக்காது. கவுண்ட் குறைந்த நேரத்தில் சின்னக் காயம்கூட ஆபத்து. பாக்லிடாக்செல்லில் கால் நகம் கறுத்து நோகிறவர்களும் உண்டு. நான் வாரின் மேல் பழைய பனியன் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். தைக்கத் தெரியாதவர்கள் சுற்றிக் கட்டினாலும் போதும். பருத்தி சாக்ஸும் மெத்தென்ற ஷூவும் போட்டுத்தான் மிதிக்க வேண்டும். முடிந்ததும் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது, நேரம் போகப் போகத் திருகுப் பக்கம் சூடாகிறது. தொட்டால் சுடும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை. மீட்டர் நேரத்தை மட்டும் ஒழுங்காகக் காட்டுகிறது. கலோரி என்று அது காட்டும் எண்ணை நம்பவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் ஒரு பெண் இதை மேஜையில் வைத்துக் கையால் சுற்றுவது போலப் படம் போட்டிருக்கிறார்கள். கையில் பிக் லைன், அதாவது மருந்து ஏற்ற நரம்பு வழியாக விடும் நீளமான குழாய், போட்டிருப்பவர்கள் நர்சைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அதேபோல் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கைக்கு என்ன பயிற்சி, எப்போது என்பதை பிசியோதெரபியில் சொல்லிக்கொடுப்பார்கள், அதுதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மட்டும் போதாது. மிதிப்பதில் மூச்சும் ரத்த ஓட்டமும் நன்றாகும், சதைக்கு வலு அவ்வளவாக வராது. கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு தொடைச் சதையை இன்னும் தளர்த்தக் கூடியது. அதற்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவது நல்லது, காசும் வேண்டாம். அந்த ஸ்டீராய்டு ஏற்றிய அன்று உடம்பு துள்ளுவது போலத் தெரியும். அதை நம்பி அதிகம் மிதித்தால் இரண்டு நாள் கழித்து எழ முடியாது.

சில நாட்களில் இந்தப் பக்கமே போகக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சியும் இல்லை, வீட்டில் காத்திருப்பதும் இல்லை, நேராக ஆஸ்பத்திரி. பேதி, வாந்தி விடாமல் போகும் நாள், தலை சுற்றும் நாள், நெஞ்சு வலிக்கும் நாள் வேண்டாம். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனாலோ, ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தாலோ ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகுதான். எலும்புக்குப் பரவியிருப்பவர்களும் இதயத்தில் பிரச்சினை உள்ளவர்களும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போனால் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிரிக்கச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து திருகைச் சுத்தமாகத் தளர்த்தி மிதித்துப் பாருங்கள். எனக்கு முதலில் காட்டியது, தளர்த்திய பிறகும் கடுக்கென்று இழுத்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று எடுத்தேன். சோர்ந்த காலுக்கு அந்தக் கடைசித் தளர்வுதான் முக்கியம். கீமோ முடித்த யாராவது தெரிந்தவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடந்தால் அதையே கேட்டு வாங்குங்கள், வாரை மட்டும் கழுவிப் புதுத் துணி சுற்றிக்கொண்டால் போதும்.