நன்றி ஜெபக் குறிப்பேடு: ஒரு மதிப்புரை

எங்கள் சபையின் புத்தகக் கடையில் வாங்கிய இந்த ஜெபக் குறிப்பேடு, விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்பே ஸ்தோத்திரத்தை எழுதச் செய்கிறது. இடப்பக்கம் முழுவதும் நன்றிக்கும், வலப்பக்கத்தின் கீழ்ப்பாதி வேண்டுதலுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு ஏறெடுக்கும்படி வேதாகமத்தின் பிலிப்பியர் 4:6-இல் எழுதிய அப்போஸ்தலன் பவுல், அப்போது சிறையில் கட்டுண்டிருந்தவர் என்பதை நினைக்கும்போது இந்த வரிசையின் அருமை விளங்குகிறது. ‘எல்லாவற்றிற்கும் நன்றி ஆண்டவரே’ என்று பொதுவாக எழுதி முடித்துவிட முடியாதபடி, ‘இன்று யார் மூலமாக?’ என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. அதனால் அம்மாவுக்கு மருந்து வாங்கி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிகூட என் ஜெபத்தில் இடம்பெற்றார்.

ஆனால் புலம்பலுக்கு ஓர் இடமும் இல்லாதது பெரிய குறை. புலம்பல் வேறு, முறுமுறுப்பு வேறு. வேதாகமத்தின் எண்ணாகமம் 11-இல் இஸ்ரவேலர், வனாந்தரத்தில் தேவன் தந்த உணவாகிய மன்னாவை வெறுத்து, எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்துத் தங்கள் கூடார வாசல்களில் அழுதது முறுமுறுப்பு. ‘எதுவரைக்கும்’ என்று கர்த்தரிடமே கேட்ட 13-ஆம் சங்கீதமோ ஜெபம், அதுவும் அவர் செய்த நன்மையைப் பாடுவதில் முடிகிற ஜெபம். துக்க வீட்டில் இருப்பவருக்கு இந்தக் குறிப்பேட்டைக் கொடுக்க இதனாலேயே தயங்குகிறேன்.

தாள் தடிமனானது, மை ஊடுருவவில்லை. எழுத்தளவு முதியோருக்குச் சிறியது. அடுத்த பதிப்பில் வலப்பக்கத்தின் மேற்பாதியைப் புலம்பலுக்குக் கொடுத்தால், இளைஞர் கூடுகைக்கு மொத்தமாகவே வாங்குவேன்.