ஸ்குவிரல் ஹில்லில் பதினோரு ஆண்டுகள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயரவிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே நாங்கள் வசிக்கும் ஸ்குவிரல் ஹில் பகுதியில் வீடு வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அன்று எங்கள் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டிக் கழிவுநீர்க் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மனம் ஆறிய பிறகு எழுதுகிறேன் என்றேன். இன்னும் முழுதாக ஆறவில்லை.

இங்கே எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஃபோர்ப்ஸ், மர்ரி சாலைகள் சந்திக்கும் முனையில், மாடியில், கார்னகி நூலகக் கிளை இருக்கிறது. என் மகள் பத்து வயதிலிருந்து தனியே போய்ப் புத்தகம் எடுத்து வருகிறாள். பல்கலைக்கழகங்கள் உள்ள ஓக்லண்டுக்குப் பேருந்து உண்டு. 2022 ஜனவரி 28 அன்று ஃப்ரிக் பூங்காவின் மேலுள்ள ஃபோர்ப்ஸ் சாலைப் பாலம் இடிந்து விழுந்து, அந்த ஆண்டின் இறுதியில் புதுப்பாலம் திறக்கும் வரையிலும், ஒரே கார் வைத்திருக்கும் நாங்கள் பெரிதாகத் தவிக்கவில்லை. எங்களுக்கு வேண்டியதெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்தது.

ஆனால் பேஸ்மென்ட், வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறை. இந்நகரின் பழைய பகுதிகள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் கொள்ளாதபோது உபரி ஆற்றில் கலக்கிறது, சில வீடுகளில் தரை வடிகால் வழியே எதிர்த்து ஏறுகிறது. எங்கள் வீட்டில் நான்கு முறை ஏறியது. கடைசி முறை, கொலு பொம்மைகள் இருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கினேன். அடிப்பாகம் கையோடு வராமல் தரையிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா கொடுத்தனுப்பிய காகிதக்கூழ்ச் செட்டியார், இடுப்பு வரை ஊறி, விரல் பட்டதும் குழைந்துபோனார்.

எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது, சுடுமண் குழாயின் இணைப்புகளில் மரவேர்கள் தலைமுடிபோல் அடைத்திருந்தன. தெருவிலுள்ள பிரதானக் குழாய் வரை வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதை அன்றுதான் அறிந்தேன். வாங்கும் முன் செய்த வீட்டுச் சோதனையில் குழாயை யாரும் பார்க்கவில்லை. அதைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தால், பதினோரு ஆண்டுகளாக மழைச்சத்தம் கேட்டு நள்ளிரவில் படியிறங்கியிருக்க மாட்டேன்.

இப்போது புதுக் குழாயும், எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வும் போட்டாகிவிட்டது; நேற்றைய மழையில் தரை காய்ந்தே இருந்தது. நாங்கள் இந்த வீட்டை விற்கப்போவதில்லை. ஆயினும் நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றே எழுதினேன். அடுத்த தெருவில் இரண்டாம் மாடி வீடு ஒன்று வாடகைக்கு இருக்கிறது. நூலகம் ஏழு நிமிட நடை. அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.