பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்குக் கருமுட்டைச் சோதனைப் பட்டை உதவுமா?

கருமுட்டை வெளியேறும் நாளைக் கணிக்க உதவும் சிறுநீர்ச் சோதனைப் பட்டைகளை ஆறு மாதங்கள் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். சோதனைக் கோடு, ஒப்பீட்டுக் கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அழுத்தமாகவோ தெரிந்தால், கருமுட்டை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் உச்சத்தை நெருங்குகிறது என்றும், பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறலாம் என்றும் பொருள். ஆனால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பலருக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால், கருமுட்டை வெளியேறாத மாதத்திலும் பட்டை ‘ஆம்’ என்று சொல்லிவிடுகிறது. ஒரே சுழற்சியில் எனக்கு மூன்று முறை அப்படிக் காட்டியபோது, மகிழ்வதா சலித்துக்கொள்வதா என்றே விளங்கவில்லை. போதாக்குறைக்கு, 28 நாள் சுழற்சியை மனத்தில் வைத்து அடைக்கப்பட்ட பொதி, 45 நாள் சுழற்சிக்குப் பாதியிலேயே தீர்ந்துபோகிறது.

கருமுட்டை வெளியேறிய பிறகே உடல் வெப்பநிலை சிறிதளவு உயரும் என்பதால், காலையில் விழித்தவுடன் அதையும் அளந்து குறிக்கத் தொடங்கிய பின்னரே பட்டையின் மெய்யையும் பொய்யையும் ஓரளவு பிரித்தறிய முடிந்தது. உறுதியான விடை வேண்டுவோருக்கு, கருமுட்டை வெளியேறியதாகக் கருதும் நாளிலிருந்து ஏறத்தாழ 7 நாள் கழித்து எடுக்கும் புரோஜெஸ்டிரோன் (கருமுட்டை வெளியேறிய பின் உயரும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனையே மேல். சுழற்சி சீராக உள்ளவர்கள் இப்பட்டையைத் தயங்காமல் வாங்கலாம். என்னைப் போன்றவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.