மொபைல் ஸ்டார்ட்டருடன் நான்கு வருடம்

தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். தக்காளி, கொஞ்சம் ராகி. போர்வெல் 850 அடி, ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். நான் வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் வேலையில் இருப்பதால் தோட்டம் அப்பா கையில்தான். மும்முனை கரண்ட் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால், அந்த நேரத்துக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்கு நடப்பார். வழியில் பாம்பு உண்டு. காட்டோரம் என்பதால் யானையும் இறங்கும். அதற்குப் பயந்துதான் 2021 கடைசியில், போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினோம்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு சிம். கரண்ட் வந்ததும் அது நம்மைக் கூப்பிடும். நாம் கூப்பிட்டால் எடுத்து, மோட்டார் ஓட ஒரு எண், நிறுத்த ஒரு எண் என்று தமிழிலேயே சொல்லும். மும்முனையில் ஒரு முனை (பேஸ்) போனால் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும். பதிவு செய்த நம்பர் தவிர வேறு யார் அழைத்தாலும் எடுக்காது. அப்பாவின் பட்டன் போனுக்கு இது போதும். மூன்றாம் நாளே பழகிக்கொண்டார். இப்போது கட்டிலில் இருந்தபடியே மோட்டார் போடுகிறார். இந்த ஒரு காரியத்துக்கே கொடுத்த காசு தகும்.

சிக்கல் சிம்மில் ஆரம்பித்தது. எங்களுடையது 2ஜியில் ஓடும் பெட்டி, 4ஜி மட்டும் தரும் சிம் போட்டால் வேலை செய்யாது. பெட்டிக்குத் தேவை நாலு அழைப்பு. ஆனால் அது தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டினோம். 2024 ஜூலையில் கட்டணமும் ஏறியது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை ரீசார்ஜ் தேதி தவறி, பெட்டி வாய் திறக்கவில்லை. கரண்ட் வந்து போனது யாருக்கும் தெரியாது. பூ விடும் நேரத்தில் செடி இரண்டு நாள் காய்ந்தது.

அதைவிடப் பெரிய அடி 2024 கோடையில். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் மின்சாரம், அதாவது ஆம்பியர், குறையும். பெட்டி அதைக் கவனித்துத் தானாக நிறுத்த வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடுவதை டிரை ரன் என்கிறார்கள், அதைத் தடுக்கும் இந்த வசதியையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். எங்கள் மோட்டார் தண்ணீர் இருக்கும்போது 14 ஆம்பியர் எடுக்கும், இல்லாவிட்டால் 9க்கு இறங்கிவிடும். மாட்டிக் கொடுத்தவர், வோல்டேஜ் ஏறி இறங்கும்போது பெட்டி அடிக்கடி டிரிப் ஆகி மோட்டாரை நிறுத்துகிறது என்று அந்த வசதியையே அணைத்து வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு ராத்திரி மூன்று மணி நேரம் மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்தது. 850 அடியில் இருந்து மோட்டாரைத் தூக்கி, புதுக் கம்பி சுற்றி (ரீவைண்டிங்) திரும்ப இறக்குவதற்குள் பெட்டி விலையைப் போல ஐந்து மடங்கு போனது. அப்பா கோபப்படவில்லை. "நடந்து போயிருந்தா சத்தத்தை வெச்சே தெரிஞ்சிருக்கும்டா" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். தண்ணீர் இல்லாமல் ஓடும் பைப்பின் சத்தம் அவருக்குத் தெரியும். எனக்கு இன்று வரை மனசில் இருக்கிறது.

இப்போது நானே மெனுவைக் கற்றுக்கொண்டேன். குரல் தமிழில் பேசினாலும், செட்டிங் முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்து. மோட்டாரைப் பயன்படுத்துகிறவர் தொடவே கூடாது என்று நினைத்துச் செய்தது போல இருக்கிறது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிப்ரவரி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து, தண்ணீர் நன்றாக வரும்போது ஆம்பியர் பார்த்து, டிரை ரன் அளவை மறுபடி வைக்கிறோம். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் இன்னொரு முறை. அதன்பின் மோட்டாரைத் தூக்க வேண்டி வரவில்லை. மற்றபடி இடி மழைக்கு ஒருமுறை பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போனது, வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன வருடம் புது மாடல் வாங்கினார். எல்லாம் ஆப். லாகின், ஓடிபி, அப்டேட். ஆம்பியரை வரைபடமாகக் காட்டுகிறது, அது நிஜமாகவே நல்ல வசதி. ஆனால் கொட்டாய் இருக்கும் பள்ளத்தில் நெட் நிற்பதில்லை. ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எங்கள் பெட்டி ஒரே ரிங்கில் எடுத்துவிடுகிறது. அவர் மகன் பெங்களூரில் இருந்து போட்டுக் கொடுத்தால்தான் அவருக்கு மோட்டார் ஓடும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டன் போனில் இருந்து கூப்பிட்டு இதை ஓட்ட முடியுமா? டிரை ரன் ஆன் ஆகியிருக்கிறது என்பதை மாட்டும்போது என் கண் முன்னால், வால்வை மூடிக் காட்டுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.